எதைவிட வெள்ளை? பூனையின் கல்லீரலை ஸ்கேன் செய்யப் பழகுகிறவர்களுக்கு

நான் வேப்பேரியில் படித்த காலத்தில் பூனை என்பது பாடத்தில் நாய்க்குப் பின்னால் வரும் கடைசிப் பத்தி. 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. மாட்டையும் குதிரையையும் மனத்தில் வைத்துப் பிறந்த படிப்பு. பூனையை யாராவது கொண்டுவந்தால் கோணிப்பைக்குள் போட்டு வாயைக் கட்டித்தான் கொண்டுவருவார்கள். பையைப் பிரித்ததும் அது பாய்ந்து மருந்து அலமாரியின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அன்றைய வைத்தியம் அத்தோடு முடியும்.

இன்று அதே நகரத்தில் பெர்சியன் பூனைகள் ஏசி காரில் வந்து இறங்குகின்றன. கூடவே ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள். அதன்மேல் "லிவர் ஸ்கேன்" என்று யாரோ ஒரு டாக்டர் கிறுக்கிய சீட்டு. அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு இருட்டறைக்குள் போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என்னிடம் பழக வந்தவர்களிடம் வாயால் சொன்னதுதான். எண் போட்டிருப்பது நினைவுக்காக. ஆனால் முதல் மூன்றைத் தாண்டிவிட்டு நான்காவதற்குப் போகாதீர்கள்.

1. புரோபைக் கையில் எடுக்கும் முன் சாப்பாட்டுக் கதையைக் கேளுங்கள்.

"சாப்பிடுதா?" என்று கேட்டால் "ஏதோ கொஞ்சம் நக்குது டாக்டர்" என்பார்கள். நக்குவது சாப்பாட்டுக் கணக்கில் சேராது. "கடைசியாத் தட்டு காலியானது என்னிக்கு?" என்று கேளுங்கள். அப்போதுதான் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். வீடு மாறினார்களா, புதிதாக நாய்க்குட்டி வந்ததா, வழக்கமான தீனியை மாற்றினார்களா, பூனைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்த மகள் கல்யாணமாகிப் போய்விட்டாளா, எல்லாம் வேண்டும். போன மாதம் என்ன எடை என்பதும் வேண்டும்.

காரணம் இதுதான். கொழுத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தால் உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு வந்து குவிகிறது. வந்த வேகத்தில் அதை வெளியே அனுப்பக் கல்லீரலால் முடிவதில்லை. செல்லுக்குள் செல்லாகக் கொழுப்புத் துளி நிறைந்து, பித்தம் போகும் வழி நெரிந்து, கண்ணும் காதும் மஞ்சளாகிவிடும். ஹெபாடிக் லிப்பிடோசிஸ் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். மனிதருக்குக் கொழுப்புக் கல்லீரல் பெரும்பாலும் தின்று தின்று வருவது. பூனைக்குத் தின்னாமல் வருவது. வீட்டுக்காரர்கள் இதை லேசில் நம்பமாட்டார்கள். "குண்டா இருக்கே டாக்டர், ரெண்டு நாள் சாப்பிடாட்டி இளைக்கட்டுமே" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. பொறுமையாக விளக்குங்கள்.

அந்தத் தாளில் ஏஎல்பி எண்ணையும் பாருங்கள். நாயின் ரத்தத்தில் அந்த நொதி பாதியாகக் குறைய 3 நாள் போல ஆகும். பூனைக்கு 6 மணி நேரமே போதும். ஆகவே பூனையிடம் அது கொஞ்சம் ஏறியிருந்தாலே பெரிய சங்கதி. ஏஎல்பி எகிறியிருக்க, ஜிஜிடி ஏறாமல் கிடந்தால் லிப்பிடோசிஸ் பக்கம் மனம் சாயலாம். இரண்டும் சேர்ந்து ஏறினால் பித்தநாளத்தைச் சந்தேகியுங்கள்.

2. மஞ்சளாக இருக்கிற பூனைக்கெல்லாம் கல்லீரல் நோய் இல்லை.

முதலில் பிசிவி பாருங்கள். உண்ணி, தெள்ளு உள்ள தெருப் பூனைக்கு மைகோபிளாஸ்மா ரத்தச் செல்லை உடைத்துக்கொண்டிருக்கலாம். ஈறு வெளுத்து, மஞ்சளும் சேர்ந்து, பிசிவி 14-இல் நிற்கும் பூனையை மல்லாத்தி அரைமணி நேரம் கல்லீரல் தேடினால் அது மேசையிலேயே போய்விடும்.

இன்னொன்றும் கேளுங்கள்: "வீட்ல இருந்த மாத்திரை ஏதாச்சும் கொடுத்தீங்களா?" பூனைக்குக் காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்துவிடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. அந்த மருந்தைப் பக்குவப்படுத்தி வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையே உயிரை எடுக்கும். ஈறு சாக்லேட் நிறமாகி, முகமும் பாதமும் வீங்கியிருக்கும். அங்கே ஸ்கேனுக்கு வேலை இல்லை, மாற்று மருந்துக்குத்தான் வேலை.

கீழாநெல்லியும் இதே கேள்வியில் வெளியே வரும். காமாலை என்று காதில் விழுந்ததும் பாட்டி அரைத்து மோரில் கலக்கி வாயில் ஊற்றியிருப்பார். பாட்டியைத் திட்டாதீர்கள், அந்த வீட்டில் பூனையின் மஞ்சளை முதலில் பார்த்தது பெரும்பாலும் அவர்தான். ஆனால் வாய்க்குள் ஊற்றியது நுரையீரலுக்குப் போயிருக்கலாம். மூச்சை எண்ணுங்கள்.

3. ஸ்கேனுக்காகப் பட்டினி போடாதீர்கள்.

வயிறு காலியாக இருந்தால் படம் தெளிவாக வரும், உண்மைதான். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பூனைக்கு 6, 8 மணி நேரம் தீனியை நிறுத்தலாம். ஐந்து நாளாகச் சாப்பிடாத பூனையை "வெறும் வயிற்றோடு திங்கட்கிழமை கொண்டாங்க" என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பிவைக்கிறார்கள் பாருங்கள், அதைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அந்தப் பூனைக்கு மருந்தே சாப்பாடுதான். குழாய் போட்டு ஊட்டத் தொடங்குங்கள். பொட்டாசியம், பாஸ்பரஸ் எண்களைப் பார்த்துக்கொண்டு, மெல்லக் கூட்டுங்கள். வயிற்றில் கொஞ்சம் உணவு கிடந்தால் படம் சற்று மங்கலாக வரும். வந்துவிட்டுப் போகட்டும்.

4. பூனையைப் பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும்.

எங்களிடம் ஒரு கம்பவுண்டர் அண்ணன் இருந்தார். பூனையின் பிடரியைப் பிடித்துத் தூக்கி நான் பார்த்ததே இல்லை. பழைய துண்டு ஒன்றை அதன் கண்ணை மறைத்தாற்போல் போட்டு, முன்கால்களுக்கு நடுவே ஒரு விரலைக் கொடுத்து, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். பூனை அவர் மடியில் கரைந்துவிடும். மயக்க மருந்து பாதியாகக் குறைந்தது அவரால்தான். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே காபாபென்டின் கொடுக்கச் சொல்லுங்கள். அறையிலிருந்து நாய்களை வெளியே அனுப்புங்கள். ஜெல் பாட்டிலை வெந்நீரில் வைத்து எடுங்கள்.

மயிரை மழிக்க அனுமதி கேளுங்கள். பெர்சியன் வீட்டில் பூனையின் உயிருக்கு அடுத்தபடி அதன் மயிர்தான். கேட்காமல் மழித்தால் நோயைச் சரிசெய்த பிறகும் அந்தப் பேச்சு ஓயாது. ஆனால் மழிக்காமல் ஜெல்லை மட்டும் பூசி எடுத்த படத்தை நம்பிக் கல்லீரலைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள். மயிருக்குள் சிக்கிய காற்று பாதி ஒலியைத் தின்றுவிடும்.

நாலு கிலோ பூனையின் கல்லீரல் தோலுக்குக் கீழே சில சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். நாய்க்கு வைத்த 5 மெகாஹெர்ட்ஸ் அமைப்பிலேயே பார்க்காதீர்கள். விலா எலும்புக்கு அடியில் நுழைய மைக்ரோகான்வெக்ஸ், மேலோட்டமான திசுவைப் பார்க்க 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள லீனியர், இரண்டும் இருந்தால் சொர்க்கம்.

பூனை உறுமிக்கொண்டே இருந்தால், அதாவது சுகமாகப் 'புர்ர்' என்றால், கலர் டாப்ளரில் திரை முழுக்க ஹோலிப் பண்டிகைதான். பக்கத்துக் குழாயைத் திறந்து தண்ணீர்ச் சத்தம் கேட்கவிடுங்கள், பெரும்பாலும் நிறுத்திவிடும்.

5. "கல்லீரல் வெள்ளையாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால், "எதைவிட?" என்று கேளுங்கள்.

இந்த ஒன்றைச் சொல்லத்தான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன். திரையில் தெரியும் சாம்பல் நிறத்துக்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை. கெயின் குமிழைக் கொஞ்சம் திருப்பினால் எந்தக் கல்லீரலையும் வெள்ளையாக்கலாம், எதையும் கறுப்பாக்கலாம். ஆகவே பக்கத்தில் ஒன்றை வைத்து, ஒரே ஆழத்தில், ஒரே கெயினில் ஒப்பிட வேண்டும். கல்லீரலைவிட மண்ணீரல் வெள்ளை. சிறுநீரகப் புறணி கல்லீரலுக்குச் சமமாகவோ சற்றுக் கறுப்பாகவோ இருக்கும் என்று நாய்ப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பூனையிடம் அந்தச் சிறுநீரகம் ஏமாற்றும். ஆரோக்கியமான பூனைக்கே, முக்கியமாக விதை நீக்கிய ஆணுக்கு, சிறுநீரகப் புறணியில் கொழுப்புத் துளிகள் இருக்கும்; புறணி பளிச்சென்று வெளுத்திருக்கும். அதோடு ஒப்பிட்டால் நோயுள்ள கல்லீரல்கூட நல்ல பிள்ளையாகத் தெரியும்.

பூனைக்கென்று ஓர் அளவுகோல் உண்டு. கல்லீரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவில் கிடக்கும் அரிவாள் மடிப்புக் கொழுப்பு, அதாவது ஃபால்சிஃபார்ம் கொழுப்பு. நல்ல கல்லீரல் அந்தக் கொழுப்பைவிடக் கறுப்பாக, அதிகம் போனால் சமமாக இருக்கும். கல்லீரல் அந்தக் கொழுப்பையே மிஞ்சி வெளுத்திருந்தால், போர்ட்டல் ரத்தக்குழாய்ச் சுவரின் வெள்ளைக் கோடுகள் அந்த வெளுப்பில் கரைந்துபோயிருந்தால், ஆழத்துக்குப் போகப்போகப் படம் மங்கினால், கடுமையான லிப்பிடோசிஸை நினைக்கலாம். அமெரிக்காவில் 1992-இல் வந்த ஓர் ஆய்வு இந்த ஒப்பீட்டுக்குப் பெரிய மதிப்பெண் கொடுத்தது. நாங்கள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டோம். 1998-இல் இன்னொரு கட்டுரை வந்தது: நோயே இல்லாத, வெறுமனே குண்டான பூனைகளின் கல்லீரலும் அப்படி வெளுத்துத் தெரியலாம்.

அந்த இரண்டாவது கட்டுரையைப் படிக்காமல் இருந்த காலத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பூக்கட்டும் அம்மா ஒருவர் வளர்த்த ஆரஞ்சுக் கடுவன், ஆறரைக் கிலோ. மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, வாந்தி. புரோபை வைத்தேன், கல்லீரல் திரையில் வெள்ளைவெளேர் என்று வந்தது. மூன்று நாள் பட்டினி, குண்டுப் பூனை, வெள்ளைக் கல்லீரல்: கணக்கு சரியாக வந்துவிட்டதாக எண்ணி, லிப்பிடோசிஸ் என்று பெருமையாக எழுதி, குழாய் போட்டு ஊட்ட ஆரம்பித்தேன். வாந்தி கூடியது. இரண்டு நாள் கழித்துக் கம்பவுண்டர் அண்ணன் அதன் வாயைத் துடைக்கும்போது நாக்கைத் தூக்கிப் பார்த்து, "டாக்டர், இங்க வந்து பாருங்க" என்றார். நாக்கின் அடியில் சுற்றிக்கொண்டிருந்தது மல்லிகைப்பூ கட்டும் நூல். மறுமுனை குடலுக்குள். குடல் முழுக்கத் துணியில் நூல் இழுத்தாற்போல் சுருங்கிக் கிடந்தது. மறுபடி ஸ்கேன் செய்தபோது அது அச்சாகத் தெரிந்தது. முதல் நாளும் தெரிந்திருக்கும். நான்தான் கல்லீரலைத் தாண்டிப் புரோபை நகர்த்தவில்லை. அறுத்து எடுத்தோம், பூனை பிழைத்தது. அந்தக் கல்லீரல் வெளுத்திருந்தது அது குண்டு என்பதால்.

சீட்டில் "லிவர்" என்று எழுதியிருந்தாலும் முழு வயிற்றையும் பாருங்கள். நாக்கையும் தூக்கிப் பாருங்கள்.

6. திரையில் தெரிவதெல்லாம் வயிற்றுக்குள் இருப்பதில்லை.

பித்தப்பைக்கு நேர் பின்னால் கல்லீரல் எப்போதும் வெளுத்துத் தெரியும். திரவத்தைத் தாண்டி வந்த ஒலி வலுக்குறையாமல் வருவதால் அப்படி. அந்த இடத்தை வைத்து நிறம் சொல்லாதீர்கள். பித்தப்பையின் வளைந்த ஓரத்திலிருந்து கறுப்பு நிழல் இறங்கும். அதைக் கல் என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். உதரவிதானத்துக்கு அந்தப் பக்கம், நெஞ்சுக்குள், இன்னொரு கல்லீரல் தெரியும். என்னிடம் பழக வந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, "சார், டயாஃப்ரம் கிழிஞ்சு லிவர் நெஞ்சுக்குள்ள போயிருக்கு" என்று பதறி, அறுவை அரங்குக்கே போன் போட்டுவிட்டாள். கண்ணாடியில் தெரிகிற பிம்பம் போன்றது அது. புரோபின் கோணத்தை மாற்றுங்கள், சந்தேகம் தீராவிட்டால் ஒரு எக்ஸ்ரே எடுங்கள்.

7. பித்தப்பை பெரிதாக இருக்கிறது என்பதை வைத்து அடைப்பு என்று சொல்லாதீர்கள்.

சாப்பிட்டால்தான் பித்தப்பை சுருங்கும். ஒரு வாரம் சாப்பிடாத பூனைக்கு அது உப்பித்தான் இருக்கும். இரண்டு மடலாகப் பிரிந்த பித்தப்பையும் பூனைக்குப் பிறவியிலேயே வரக்கூடியது; பயப்பட வேண்டாம். சுவரை அளந்து பாருங்கள். 1 மில்லிமீட்டரைத் தாண்டினால் கவனியுங்கள்.

பிறகு பொதுப் பித்தநாளத்தைத் தேடுங்கள். நாயிடம் தேடித் தேடிக் கண் வலிக்கும். பூனையிடம் எளிதாகக் கிடைக்கும். போர்ட்டல் ரத்தக்குழாயின் மேல் நெளிந்து நெளிந்து போகும். டாப்ளரைப் போட்டால் ரத்தக்குழாய்க்கு நிறம் வரும், நாளத்துக்கு வராது. 4 மில்லிமீட்டர் வரை சரி. 5-ஐத் தாண்டினால் அடைப்பை நினையுங்கள். ஆனால் நினைப்பதோடு நில்லுங்கள், முடிவு கட்டாதீர்கள். அழற்சி இருந்தாலும் நாளம் விரியும். எப்போதோ அடைத்துத் திறந்த நாளம் பழைய அளவுக்குத் திரும்பாமலும் இருக்கும். சிறுகுடலில் அது திறக்கும் இடம் வரை பின்தொடர்ந்து போய், அங்கே கல்லோ கட்டியோ கெட்டிப்பட்ட பித்தமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

பூனையின் உடற்கூற்றில் ஒரு விசேஷம் உண்டு. பித்தநாளமும் கணையநாளமும் குடலுக்குள் திறக்கும் முன்பே ஒன்றாகிவிடுகின்றன. ஒரே வாசல், மூன்று வீடு. குடலில் கிளம்பிய கிருமி இரண்டு வீட்டுக்குள்ளும் ஏறிவிடும். கல்லீரல், கணையம், குடல் மூன்றும் சேர்ந்து வீங்கும் நோயை ட்ரையடைட்டிஸ் என்கிறோம். எனவே கல்லீரலில் அழற்சி என்று சந்தேகித்தால் கணையத்தையும் குடல்சுவரின் அடுக்குகளையும் பார்க்காமல் புரோபைக் கீழே வைக்காதீர்கள்.

8. பல்லியைப் பற்றிக் கேளுங்கள்.

பித்தநாளம் கயிறு திரித்தாற்போல் விரிந்து, சுவர் தடித்து, பித்தத்தில் குப்பை மிதந்தால் பிளாட்டினோசோமம் என்ற கல்லீரல் புழு நினைவுக்கு வர வேண்டும். அது முதலில் நத்தைக்குள் வளரும். அங்கிருந்து மரவட்டைபோல் ஈரத்தில் ஊரும் சிறு ஓட்டுப்பூச்சிக்குப் போகும். பூச்சியைப் பல்லி தின்னும், பல்லியைப் பூனை தின்னும். ஃபுளோரிடா, ஹவாய், கரீபியன் தீவுகளில் இதை 'பல்லி விஷம்' என்றே சொல்வார்கள். தென்கிழக்கு ஆசியாவிலும் உண்டு. வெப்பமும் ஈரமும் பல்லியும் நம் வீடுகளில் குறைவா என்ன? "பல்லி பிடிக்குமா?" என்று கேட்டால் பெருமையாகச் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பார்கள். மலத்தில் முட்டை தேடுங்கள். நாளம் முழுக்க அடைத்துக்கொண்டால் முட்டை வெளியே வராது. அப்போது பித்தப்பையிலிருந்து ஊசியால் எடுத்த பித்தத்தில் கிடைக்கலாம்.

9. எக்ஸ்ரேயைப் பழசு என்று ஒதுக்காதீர்கள்.

கல்லீரலின் உள்ளே என்ன என்று அது சொல்லாது. எவ்வளவு பெரியது, எங்கே இருக்கிறது என்பதை ஸ்கேனைவிட நன்றாகச் சொல்லும். பக்கவாட்டுப் படத்தில் இரைப்பை பின்னே தள்ளப்பட்டு, கல்லீரலின் முனை மழுங்கி, விலாவைத் தாண்டி வந்திருந்தால் பெரிது. இரைப்பை முன்னே போய் உதரவிதானத்தை ஒட்டியிருந்தால் சிறிது. குண்டுப் பூனையில் அந்த அரிவாள் கொழுப்பு கல்லீரலை மேலே தூக்கிவிடும். கல்லீரல் சுருங்கியதாகத் தோன்றும். நெஞ்சில் நீர் கோத்த பூனையில் கல்லீரல் பின்னே தள்ளப்பட்டு வீங்கியதாகத் தோன்றும். அந்த நீரை எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும். பூனையை மல்லாத்தும் முன்பே தெரிந்தால் நல்லது.

ஈய ஏப்ரன் போடுங்கள். கையுறையைப் போட்டாலும் கையைக் கதிருக்குள் நீட்டாதீர்கள். எங்கள் தலைமுறை நீட்டியது.

10. பெர்சியன் வந்தால் இரண்டு எச்சரிக்கை.

ஒன்று, நீர்க்கட்டி. சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டி வரும் பரம்பரை நோய் இந்த இனத்தில் அதிகம். காரணமான மரபணுக் கோளாறு 2004-இல் அடையாளம் காணப்பட்டது. அதே கட்டிகள் கல்லீரலிலும் வரும். கறுப்பு வட்டம், மெல்லிய சுவர், பின்னால் வெளிச்சம். கல்லீரலில் ஒன்றைப் பார்த்தால் சிறுநீரகத்துக்கு ஓடுங்கள். குட்டியாக இருக்கும்போது தெரியாமல் போகலாம். 10 மாதம் தாண்டிய பிறகு பார்த்ததை நம்பலாம். வயதான பூனையில், எந்த இனமானாலும், தேன்கூடுபோல் பல அறைகளாக ஒரு கட்டி தெரிந்தால் அது பித்தநாளத்தில் வளரும் சாதுவான கட்டியாகவும் இருக்கலாம். புற்றுநோய் என்று அவசரப்பட்டு வீட்டுக்காரரை அழவைக்காதீர்கள்.

மற்றொன்று, கண். குடல் ரத்தம் கல்லீரலைச் சுற்றிக் குறுக்கு வழியில் போய்விடும் பிறவிக் குறையான ஷன்ட் உள்ள பூனைகளுக்குக் கண் செம்பு நிறமாக இருக்கும் என்று புத்தகம் சொல்லும். பெர்சியனுக்கு இயல்பிலேயே அந்த நிறம் உண்டு. அடையாளம் அங்கே செல்லாது.

11. ஷன்ட்டை நீங்கள் பழகும் முதல் வருடத்திலேயே ஸ்கேனில் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். வளராத குட்டி, வாயில் எச்சில் ஒழுகல், சாப்பிட்டதும் தள்ளாட்டம், வலிப்பு: கதை இப்படி இருந்தால் பித்த அமிலமும் அமோனியாவும் பாருங்கள். கல்லீரல் சிறியதா, அதற்குள் போர்ட்டல் கிளைகள் அரிதாக இருக்கின்றனவா, சிறுநீர்ப்பையில் எக்ஸ்ரேக்குத் தெரியாத யூரேட் கல் இருக்கிறதா என்று ஸ்கேனில் பாருங்கள். குறுக்கு வழி எங்கே கிளம்பி எங்கே சேர்கிறது என்பதைச் சொல்ல மருந்து ஏற்றி எடுக்கும் சிடி வேண்டும். அனுப்பிவிடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

12. நல்ல படம் வந்தால் நல்ல கல்லீரல் என்று எழுதாதீர்கள்.

லிம்போமா கல்லீரல் முழுக்கப் பரவியிருந்தும் படம் சாதாரணமாக வந்திருக்கிறது. பித்தநாள அழற்சியும் அப்படித்தான். அதேபோல் வெள்ளைக் கல்லீரல் லிப்பிடோசிஸாகவும் இருக்கலாம், லிம்போமாவாகவும் இருக்கலாம். நோயின் பெயரைத் திசுதான் சொல்லும்.

22 கேஜ் ஊசி, இடது மடல், பித்தப்பையை விட்டு விலகி. உறிஞ்ச வேண்டாம், மரங்கொத்தி கொத்துவதுபோல் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும். பித்தம் ஓடாத பூனைக்கு வைட்டமின் கே உடம்பில் ஏறாது, ரத்தம் உறையாது. அதனால் முன்கூட்டியே 12 மணி நேர இடைவெளியில் மூன்று ஊசி வைட்டமின் கே போட்டுவிட்டுக் குத்துங்கள். எடுத்ததைக் கண்ணாடியில் தேய்த்துக் காற்றில் உலர்த்துங்கள். பக்கத்தில் ஃபார்மலின் பாட்டில் திறந்திருக்கக் கூடாது. அதன் ஆவி பட்டாலே செல்கள் சாயம் ஏற்காது. லேப்காரர் "சாம்பிள் சரியில்லை" என்று திருப்பி அனுப்புவார், நீங்கள் அவரோடு சண்டை போடுவீர்கள்.

செல் எல்லாம் கொழுப்புத் துளியாக வந்தால் லிப்பிடோசிஸ் உறுதி. ஆனால் அது ஏன் பட்டினி கிடந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கணையமா, குடலா, ஒளிந்திருக்கும் லிம்போமாவா? ஊசி முனையில் ஏறிய கொழுப்புச் செல்கள் பக்கத்தில் இருக்கும் வேறு நோயை மறைத்துவிடுவதும் உண்டு. இளம் பூனை, வயிற்றில் நீர், குளோபுலின் அதிகம் என்றால் எஃப்ஐபி பக்கமும் ஒரு கண் வையுங்கள். இப்போது அதற்கு மருந்து இருக்கிறது, தாமதித்தால் வீண்.

13. துப்பாக்கி ஊசி பூனைக்கு வேண்டாம்.

தானாக விசை தெறிக்கும் ட்ரூகட் பயாப்ஸி கருவியைச் சொல்கிறேன். நாய்களில் அதைப் பலமுறை பயன்படுத்தியவன் நான். ஒரு சாம்பல் நிறப் பெண் பூனைக்கு வைத்தேன். 'டக்' என்ற சத்தம். துண்டு அழகாக வந்தது, ரத்தக் கசிவும் இல்லை. பத்து நிமிடத்தில் இதயத்துடிப்பு விழுந்து பூனை இறந்துவிட்டது. எங்கே தவறினேன் என்று பல மாதம் தெரியவில்லை. 2006-இல் நெதர்லாந்திலிருந்து வந்த கட்டுரை ஒன்று இதையே பேசியது: தானியங்கிக் கருவியால் பயாப்ஸி செய்த பூனைகளில் சில, கொஞ்ச நேரத்திலேயே அதிர்ச்சியில் இறந்திருக்கின்றன, கையால் மெல்லத் தள்ளும் பாதித் தானியங்கிக் கருவியில் அப்படி நேரவில்லை. விசை தெறிக்கும் அலை வேகஸ் நரம்பைத் தாக்குவதாக எண்ணுகிறார்கள். அந்தப் பூனையின் வீட்டுக்காரரிடம் பிறகு போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, காபி கொடுத்தார்.

14. ரிப்போர்ட்டில் கண்டதை எழுதுங்கள்.

"லிவர் பிரைட், லிப்பிடோசிஸ்" என்று ஒரு வரியில் முடித்தால் அடுத்த டாக்டர் அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்வார். கல்லீரல் ஃபால்சிஃபார்ம் கொழுப்பைவிட வெள்ளை, பித்தப்பைச் சுவர் இத்தனை, பித்தநாளம் இத்தனை மில்லிமீட்டர், கணையம் வாயுவால் தெரியவில்லை என்று எழுதுங்கள். "தெரியவில்லை" என்று எழுத வெட்கப்படாதீர்கள். பூனையின் எடையையும் எழுதுங்கள். அடுத்தவருக்கு அந்த வெள்ளை புரிய வேண்டுமே. உங்கள் ஊகத்தைக் கடைசியில், ஊகம் என்று சொல்லி வையுங்கள்.

15. மறுபடி ஸ்கேன் செய்ய அவசரப்படாதீர்கள்.

குழாயில் ஊட்டி ஒரு வாரம் ஆனதும் வீட்டுக்காரர்கள் "இன்னொரு ஸ்கேன் பாத்துடலாமா?" என்பார்கள். லிப்பிடோசிஸ் என்று உறுதியான கல்லீரல் உடனே கறுக்காது, வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பார்த்தால் அதே வெள்ளைதான். அவர்களும் பயப்படுவார்கள், நீங்களும் குழம்புவீர்கள். அதைவிட பிலிரூபினைப் பாருங்கள். வாரம், பத்து நாளில் பாதியாக இறங்கினால் நல்ல வழியில் போகிறது.

ஒருமுறை, குழாய் போட்ட நான்காம் வாரம், ஒரு பூனையை ஸ்கேனுக்கு என்று கொண்டுவந்தார்கள். மேசைமேல் விட்டாயிற்று, மெஷினும் போட்டாயிற்று. "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அந்த வீட்டம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "நேத்து ராத்திரி பக்கத்து வீட்டு மாடியில காயவச்ச நெத்திலிக் கருவாட்டைத் திருடித் தின்னிருக்கு டாக்டர், அவங்க சண்டைக்கு வர்றாங்க" என்றார். மெஷினை அணைத்துவிட்டுக் குழாயை எப்போது எடுக்கலாம் என்று பேச ஆரம்பித்தோம்.